பல த்ரெட்டுகள் பகிரும் கேஷுக்கு எந்த மேப் பொருத்தமானது?

அனைவருக்கும் வணக்கம். ஜாவாவில் எழுதிய எங்கள் இணையக் கடைச் செயலியில், கடைசியாகப் பார்க்கப்பட்ட 500 பொருள்களின் விவரங்களை நினைவகத்தில் கேஷாக (விரைவாக எடுப்பதற்கான தற்காலிகச் சேமிப்பாக) வைத்திருக்க, லிங்க்டு ஹாஷ்மேப்பை (திறவுகோலும் மதிப்புமாகத் தரவைச் சேமித்து, வரிசையையும் பேணும் மேப்) அணுகல் வரிசை முறையில், அதாவது கடைசியாகத் தொட்ட பதிவு இறுதியில் வரும்படி, பயன்படுத்தினேன். பல த்ரெட்டுகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) ஒரே சமயத்தில் அதைத் தொடுவதால் சில பதிவுகள் காணாமல் போகின்றன. இம்முறையில் ஒரு பதிவைப் படிக்கும் கெட் அழைப்புகூட உள்வரிசையை மாற்றிவிடும் என்பதால், படிக்கும் த்ரெட்டுகளுக்கு மட்டும் பகிர்வுப் பூட்டு (பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் படிக்க விடும் பூட்டு) போடுவதும் பயன்படாது. இதை உணரவே எனக்கு இரண்டு நாள்கள் ஆயின. ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே அனுமதிக்கும் சிங்க்ரனைஸ்டு மேப்பாக மாற்றினால் பிழை நீங்குகிறது, ஆனால் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே பூட்டுக்காகக் காத்திருக்கின்றன. 2004இல் ஜாவா 5 உடன் வந்த, பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் பயன்படுத்தக்கூடிய கன்கரண்ட் ஹாஷ்மேப்போ வரிசையைப் பேணுவதில்லை. அதனுடன் காலாவதி நேரத்தைச் சேர்த்தால் போதுமா, அல்லது கேஷுக்கென்றே உள்ள கேஃபீன் என்ற ஜாவா நூலகத்துக்கு மாறுவதே முறையா? அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் விளக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.