சூடானதும் வழுக்கும் பஸ் ஒட்டோ கியர்பொக்ஸ்

கேள்வி:
திருகோணமலையில் சுற்றுலா பஸ் ஓட்டுகிறேன், ஒட்டோ கியர். காலையில் நன்றாக ஓடுகிறது, ஹபரணை தாண்டி நன்றாகச் சூடானதும் டி போட்டால் தாமதித்துத்தான் பிடிக்கிறது, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைகிறது. ஒயில் குறைவு என்று கராஜில் ஊற்றினார்கள், அதன் பிறகு இன்னும் மோசம். கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

பதில்:
அவசரப்பட்டு இறக்காதீர்கள் தம்பி. குளிர்ந்திருக்கும்போது அளந்து ஊற்றியிருப்பார்கள். ஒயில் சூட்டில் விரியும், அளவு கூடினால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது, கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கும். சமதரையில், நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போதே சூடாக அளவு பாருங்கள். அலிசன் கம்பனியின் கியர்பொக்ஸ் என்றால் ஒயில் சூடு 71 முதல் 93 பாகை செல்சியஸ் இருக்கும்போது பார்க்க வேண்டும். அதில் பட்டனால் கியர் மாற்றும் வகையில் மேல், கீழ் அம்புகளை ஒன்றாகத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பிழைக் குறியீடுகளும் வரும், அவற்றை எழுதி வையுங்கள்.

இன்னொரு பதில்:
அண்ணா சொல்வது சரி. அப்புறம் ஒயிலை மணந்து பாருங்கள், கருகிய வாசமும் கறுப்பு நிறமும் இருந்தால் கிளட்ச் எரிந்திருக்கலாம். பில்டர் மாற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது வழக்கம், உலோகச் சீவல் என்றால் இறக்க வேண்டியிருக்கும். ஒயில் கூலரில் புழுதி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சூடாகப் பார்த்தேன், மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறது. நாளை வடித்துவிட்டுக் கந்தளாய் வரை ஓட்டிப் பார்க்கிறேன்.