புதுப்பிப்பு: திருச்சி – காரைக்குடி வழியில் கிடைத்த ஒரு நாள்

காரில் காரைக்குடி போகிறோம், ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, வழியில் எங்கே இறங்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். புதுக்கோட்டை பக்கத்துச் சித்தன்னவாசல் என்று சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. திட்டமெல்லாம் போடவில்லை, பெயர்ப்பலகையைப் பார்த்ததும் இவர் வண்டியைத் திருப்பிவிட்டார்.

அங்கே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயில் கூரையில் அந்தத் தாமரைக் குள ஓவியம்! மீன், அன்னம், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் துறவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இலையின் பச்சை தெரிகிறது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தே நின்றோம். உதிர்ந்துபோன இடங்களைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

அப்புறம் குன்றின் மேலிருக்கும் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறி, சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பார்த்தோம். தலைமாட்டில் தலையணைபோல் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். “இதிலயா படுத்தாங்க?” என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருமயம் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சரி, அதே பக்கம் இருக்கும் நார்த்தாமலைக் கோயில்கள் அடுத்த முறை.