எம்.எஸ். அம்மாவின் ஈகையை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களை நினைவுகூரும் கூட்டத்தில் நான் பேசவேண்டியுள்ளது. வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அவருடைய குரலைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள்; பாடி ஈட்டியதைப் பொதுக்காரியங்களுக்கு அள்ளிக்கொடுத்த அந்த மனத்தைப் பற்றிச் சொல்ல எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
ஆசியாவின் நோபல் பரிசு எனப்படும் மகசேசே விருதை 1974இல் அவர் பெற்றதிலிருந்து தொடங்குங்கள். இசைக்கலைஞரான அவருக்கு அந்த விருது பொதுச்சேவைப் பிரிவில் வழங்கப்பட்டது என்பதைக் கேட்டதும் மாணவர்கள் காரணம் கேட்பார்கள். அப்போது, 1944இல் காந்தியடிகளின் துணைவியார் கஸ்தூரிபாவின் நினைவு நிதிக்காக அவர் கச்சேரிகள் செய்ததையும், அதன்பின் பல்லாண்டுகள் மருத்துவமனை, கல்வி, கோயில் என்று எத்தனையோ பணிகளுக்கு நிதி திரட்டப் பாடியதையும் சொல்லலாம்.

பதில் 2:
நான் வாய்ப்பாட்டு கற்பிப்பவள். பேச்சுக்கு நடுவே வேங்கடேச சுப்ரபாதத்தின் முதல் சுலோகத்தை ஒலிக்கவிடுங்கள். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய குரல் என்பதால் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1963இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அவர் எழுதிக்கொடுத்துவிட்டார் என்பதை அதன் பிறகு சொன்னால் மனத்தில் நன்றாகப் பதியும்.

அறுபது வயதைக் கடந்த பின் தெலுங்குக் கவி அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து, பாலாஜி பஞ்சரத்ன மாலை என்ற ஐந்து இசைத்தட்டுகளில் அவர் பாடியதையும் விட்டுவிடாதீர்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1968இலேயே பெற்றுவிட்ட ஒருவர், அதற்குப் பிறகும் பிறமொழிச் சொற்களின் உச்சரிப்பை மாணவியைப்போல் திருத்தித் திருத்திப் பழகினார் என்பதே எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. கேட்பவருக்கு அரைகுறையாக எதையும் தரக்கூடாது என்ற அந்தக் கவனத்தையும் நான் கொடையாகவே எண்ணுகிறேன்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கச்சேரி ஏற்பாடுகளையும் வரவு செலவையும் கணவர் சதாசிவம் அவர்களே கவனித்துவந்ததால், கொடையின் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு.

பதில் 2 எழுதியவர்:
உண்மைதான், ஐயா, அவரைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்லமுடியாது. ஆயினும் வீணைக் கலைஞரான அன்னை சண்முகவடிவு அவர்களிடம் மதுரையில் தொடங்கிய பயிற்சியும், மேடையில் கொட்டிய உழைப்பும் எம்.எஸ். அம்மாவுடையவை. எந்த நிதிக்காகப் பாடினாலும் பாட்டில் குறை வைக்காததும் அவருடைய பண்பே. 1997இல் கணவர் மறைந்த பிறகு அவர் பொதுமேடையில் பாடவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவ்விருவருடைய வாழ்வும் எவ்வளவு பிணைந்திருந்தது என்பது அவர்களுக்கு விளங்கும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சுப்ரபாதத்தை ஒலிக்கச்செய்துவிட்டு மகசேசே விருதுக்கு வருகிறேன். சதாசிவம் அவர்களைப் பற்றியும் தவறாமல் பேசுகிறேன். கஸ்தூரிபா நிதிக் கச்சேரிகளைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்திகள் எவரிடமேனும் இருந்தால் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.