தருமபுரி: புதுச் செயின் போட்ட பிறகு பல் தாண்டுகிறது. பின் பல்சக்கரக் கொத்தான காசெட்டை இங்கேயே வாங்கவா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவா?

கேள்வி (தருமபுரி)

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடத்துக்கு முன் ஓசூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய ரோடு பைக் வைத்திருக்கிறேன். கியர் பாகங்கள் ஷிமானோ கிளாரிஸ், பின்னால் 8 கியர், காசெட் 11-28 (சின்னச் சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28), முன்னால் 50-34. தினமும் காலையில் 20 கிலோமீட்டர், மாதம் ஒரு முறை பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்புவேன். போன மாதம் செயின் ரொம்பச் சத்தம் போட்டதால் வழக்கமாகப் போகும் கடையில் புதுச் செயின் மாட்டினேன். அன்றிலிருந்துதான் தொல்லை. சமதரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஏற்றம் தொடங்கும் இடத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் டக்கென்று பல் தாண்டிவிடுகிறது, போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் ஹேண்டிலில் இடித்து வீங்கிவிட்டது.

கடைக்கார அண்ணன் காசெட்டும் மாற்ற வேண்டும் என்கிறார், பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தர 2,100 ரூபாய் கேட்கிறார். இங்கிலாந்துத் தளம் ஒன்றில் அதே காசெட் 15 பவுண்டு என்று போட்டிருக்கிறது. இன்றைய கணக்கில் பவுண்டு சுமார் 115 ரூபாய் என்றால் 1,725. அங்கேயே வாங்கிவிடலாமா? அப்புறம் இன்னொன்று, எனக்கு அவர் போட்ட செயின் மேலேயே சந்தேகமாக இருக்கிறது, போலியாக இருக்குமோ? வாங்குவதுதான் வாங்குகிறோம், ஒகேனக்கல் ஏற்றத்துக்காக 11-34 காசெட்டாக வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில் (ஓசூர்)

தம்பி, எதையும் ஆர்டர் போடாதே, முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல். எல்லா கியரிலும் பல் தாண்டுகிறதா, இல்லை நீ அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் பின் டிரெய்லரை (செயினைக் கியர் மாற்றும் கருவி) ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம், கியர் கேபிள் இழுவை சரியில்லாமல் இருக்கலாம், அதற்குக் காசெட் மாற்றினாலும் தீராது. குறிப்பிட்ட பல்சக்கரங்களில் மட்டும் என்றால் காசெட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், புதுச் செயின் மேல் குற்றம் இல்லை.

காரணம் சொல்கிறேன். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம். தேயத் தேய அந்த இடைவெளி கூடும். நீண்டுபோன செயினோடு ஓடி ஓடி காசெட்டின் பற்களும் அந்த நீளத்துக்கு ஏற்றபடி தேய்ந்துவிடும், இரண்டும் சேர்ந்தே கெட்டதால் ஓட்டும்போது தெரியாது. சரியான அளவுள்ள புதுச் செயினை மாட்டியதும் அது அந்தப் பள்ளத்தில் உட்காராமல், பாரம் ஏறும்போது பல்லின் மேல் ஏறித் தாண்டிவிடும்.

பழைய செயின் கடையில் கிடந்தால் கேட்டு வாங்கி ஸ்கேலால் அள. 24 கண்ணிகள், பின்னிலிருந்து பின்னுக்கு, சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பெரும்பாலும் காசெட்டும் போயிருக்கும்.

பதில் (கிருஷ்ணகிரி)

விலை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பணம் இழந்திருக்கிறேன்.

15 பவுண்டு காசெட்டின் விலை மட்டும்தான். அதைக் கூடையில் போட்டு இந்திய முகவரி கொடுத்துப் பாருங்கள், அனுப்பும் கட்டணம் தனியாக வரும். 13 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் வரி போடுவதற்கு முன்பே 3,220 ரூபாய் ஆகிவிட்டது. அதற்கு மேல் சுங்கவரி. அது காசெட் விலைக்கு மட்டும் போடுவது இல்லை, அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள், சுங்கவரியும் சேர்ந்த மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி). கூரியர்காரர் நம் சார்பில் வரி கட்டியதற்கு என்று தனிக் கட்டணம் வாங்குவார், ஆதார் அல்லது பான் நகல் கேட்டு மின்னஞ்சல் வரும், அதற்குப் பதில் போடாவிட்டால் பார்சல் நகராது. எனக்கு வந்த ஒரு பிரேக் செட் மூன்று வாரம் அப்படிக் கிடந்தது. தெரிந்தவர் பரிசாக அனுப்புவது போல வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பரிசுக்கு வரியில்லை என்ற அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் இது லாபமாகத்தான் இருந்தது. செயின் ரியாக்ஷன், விகிள் என்ற இங்கிலாந்துத் தளங்கள் இரண்டிலும் இங்கிருந்து எத்தனையோ பேர் வாங்கினோம். அங்கே உள்ளூர்க்காரர் கட்டும் 20 சதவீத வாட் வரி நமக்குக் கழியும், தள்ளுபடியும் சேரும். இரண்டையும் நடத்திய நிறுவனம் 2023ல் நொடித்துப்போய் பெயர் கைமாறிவிட்டது. சீனாவிலிருந்து மலிவாக வாங்கிக்கொண்டிருந்த அலிஎக்ஸ்பிரஸையும் 2020 நவம்பரில் தடை செய்துவிட்டார்கள். இன்றைக்கு வெளிநாட்டில் வாங்குவது, இந்தியாவில் கிடைக்கவே கிடைக்காத பொருளுக்கும் விலை அதிகமான வீல்செட் போன்றவற்றுக்கும்தான் யோசிக்கத் தகுந்தது. 8 கியர் காசெட்டுக்கு வேண்டவே வேண்டாம். லண்டனிலோ துபாயிலோ சொந்தக்காரர் இருந்து ஊருக்கு வரும்போது பெட்டியில் எடுத்து வந்தால் அது வேறு.

வெளிநாட்டு விலை ஏன் குறைவாகத் தெரிகிறது என்றால் பல நேரம் அது பெட்டி இல்லாத பொருள், சைக்கிள் தொழிற்சாலைக்கு மொத்தமாகப் போக வேண்டியது. பொருள் நல்லதுதான், ஆனால் இங்கே யாரும் அதற்கு வாரண்டி தரமாட்டார்கள்.

கேட்டவர்

அண்ணா, பார்த்துவிட்டேன். சின்னப் பக்கத்திலிருந்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மட்டும்தான் தாண்டுகிறது. 28 பல்லில் எவ்வளவு அழுத்தினாலும் தாண்டவில்லை. அந்த மூன்றிலும் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி இருக்கின்றன. பழைய செயின் கடையில் டப்பாவுக்குள் கிடந்தது, கடைக்கார அண்ணன் முன்னாலேயே அளந்தோம், எட்டில் ஒரு பங்கைவிட நன்றாகவே கூட இருக்கிறது. செயினைப் போலி என்று நினைத்தது என் தப்பு, அவரிடமும் சொல்லிவிட்டேன். 11-34 பற்றி யாராவது சொல்லுங்கள்.

பதில் (பாலக்கோடு)

நான் சைக்கிள் வேலை பார்க்கிறவன். 34 பல் போடுவதற்கு முன்னால், பின் டிரெய்லரின் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், எஸ்எஸ் என்று இருந்தால் குட்டைக் கூண்டு (செயின் ஓடும் இரண்டு ரோலர்களைத் தாங்கும் பகுதி), ஜிஎஸ் என்றால் நீளக் கூண்டு. உங்கள் கணக்கு இது: முன்னால் 50க்கும் 34க்கும் வித்தியாசம் 16, பின்னால் 34க்கும் 11க்கும் 23, மொத்தம் 39 பல் அளவு செயின் தளர்வை டிரெய்லர் இழுத்துப் பிடிக்க வேண்டும். குட்டைக் கூண்டால் முடியாது. அப்படி இருந்தால் 8 அல்லது 9 கியர் மவுண்டன் பைக்குக்கு வரும் ஷிமானோ டிரெய்லர் போடலாம், கேபிள் இழுவை உங்கள் ஷிஃப்டருக்கு (ஹேண்டிலில் கியர் மாற்றும் லீவர்) ஒத்துப்போகும். 10 கியர் மவுண்டன் டிரெய்லர் ஒத்துவராது, விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

ஒருவரும் சொல்லாத இன்னொரு விஷயம், உங்கள் புதுச் செயினை 28 பல்லுக்கு வெட்டியிருப்பார்கள். 34 போட்டால் நீளம் போதாது, நான்கு கண்ணி கூட வேண்டும். தெரியாமல் முன்னால் 50லும் பின்னால் 34லும் போட்டுவிட்டால் செயின் விறைத்துக்கொண்டு டிரெய்லரையும் ஹேங்கரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம், அது கிடைப்பதுதான் உண்மையில் கஷ்டம், கிடைக்கும்போது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 11-32 என்றால் இரண்டு கண்ணி போதும். பெட்டியில் 116 கண்ணி வரும், வெட்டிய மிச்சத்தைக் கடைக்காரர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், கேளுங்கள். மிஸ்ஸிங் லிங்க் (செயினின் இரு முனைகளைப் பூட்டும் இணைப்புக் கண்ணி) ஒன்று கூடுதலாக வாங்கினால் சேர்த்துவிடலாம்.

ஏற்றத்தில் என்ன வித்தியாசம் என்றால், முன்னால் 34, பின்னால் 28 என்பது ஒரு முழு மிதிக்குச் சக்கரம் 1.21 சுற்று. பின்னால் 32 போட்டால் 1.06, 34 போட்டால் சரியாக ஒன்று. 28லிருந்து 32க்குப் போவதே காலுக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்காரர் கேட்கும் 2,100ல் மாட்டும் கூலியும் சேர்ந்ததா என்று கேளுங்கள். காசெட் கழற்ற லாக்ரிங் டூலும் செயின் விப்பும் வேண்டும், அதை வாங்கி வைத்திருக்கிற கடைகள் நம் பக்கம் கம்மி, அவரிடம் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். சைக்கிள் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, பழைய அட்டையில் பழைய விலை இருக்கலாம், அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், சண்டை போட வேண்டாம்.

கேட்டவர்

டிரெய்லர் ஜிஎஸ். அப்படியும் 11-32 போதும் என்று முடிவு செய்து கடையிலேயே சொன்னேன். பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் நான்கு நாளில் வந்தது, ஜிஎஸ்டி விஷயம் சொன்னதும் அவரே விசாரித்து மாட்டும் கூலியோடு 1,950க்கு முடித்துக் கொடுத்தார். செயின் மிச்சத்தை டப்பாவில் வைத்திருந்தார், அதிலிருந்தே இரண்டு கண்ணி. மிஸ்ஸிங் லிங்க் மட்டும் தனியாக 120 ரூபாய். முதல் நாள் 32 பல்லில் டிரெய்லரின் மேல் ரோலர் உரசிச் சத்தம் வந்தது, அந்த ரோலரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் பி ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருப்பியதும் நின்றுவிட்டது.

நேற்று ஒகேனக்கல் போய் வந்தேன். ஒரு இடத்தில்கூடத் தாண்டவில்லை. அடுத்து டயர் மாற்ற வேண்டும், ஊர்க்கடையில் 28 அங்குல டயர் மலிவாக இருக்கிறது, போடலாமா?

பதில் (ஓசூர்)

வேண்டாம் தம்பி. அது 28×1½, நம் அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிளுக்கு வருவது, ரிம் அளவு 635 மில்லிமீட்டர். உன் 700சி ரிம் 622. இரண்டையும் 28 என்றே சொல்வார்கள், மாட்டினால் லொடலொடவென்று நிற்கும், காற்றடித்தால் கழன்று வந்துவிடும். டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் 622 என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கொடு.