கேள்வி கேட்கச் சொன்னால் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

கரும்பலகை:
பெரியவர்கள் ஆறு பேருக்குத் தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் கேட்டால் பதில் சொல்லிவிடுகிறார்கள், அவர்களாகக் கேட்கச் சொன்னால் "எங்கே போனாயா?" என்று 'எங்கே'-யும் கேள்விக்காகச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ஆ-வும் சேர்ந்தே வந்து விழுகிறது. எத்தனை, எவ்வளவு குழப்பம் தனி. தாளில் எல்லாம் சரியாக எழுதுகிறார்கள், வாய் திறந்தால் போச்சு. கற்பனையாகப் பேசட்டும் என்று ஒருவரை நடிகராகவும் ஒருவரை நிருபராகவும் உட்காரவைத்துப் பார்த்தேன். உங்கள் பெயர் என்ன, என்ன பிடிக்கும், நன்றி வணக்கம். இரண்டே நிமிடம்.

திண்ணை:
அந்த நிருபருக்குத் தெரிந்தே ஆகவேண்டியது எதுவும் இல்லையே, அதனால்தான் படுத்துவிட்டது. நன்னூலில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம், அதில் முதல் இரண்டு அறிவினா, அறியாவினா. வகுப்பில் நாம் கேட்பதெல்லாம் அறிவினா, பதில் நம் கையிலேயே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது அறியாவினா.

நான் திருட்டு விசாரணை நடத்துவேன். ஒரு பொருள் காணவில்லை, நேற்று இரவு 8 முதல் 10 வரை சேர்ந்தே இருந்தோம் என்று இரண்டு பேர் சாதிக்கிறார்கள். அவர்களை வெளியே அனுப்பிக் கதை கட்டச் சொல்லுங்கள், மற்ற நால்வரும் போலீஸ், அதற்குள் கேள்வி தயார் செய்யட்டும். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரணை. எங்கே சாப்பிட்டீர்கள், எத்தனை பேர் இருந்தார்கள், பில் எவ்வளவு, யார் கொடுத்தது? பதில் மாறினால் மாட்டிக்கொண்டார்கள். ஒரே கேள்வியை இரண்டாவது ஆளிடமும் கேட்கவேண்டி வருவதால் மனப்பாடம் தானாக நடக்கிறது, பயிற்சி என்றே யாருக்கும் தோன்றாது.

மழைக்காகிதம்:
நல்ல விளையாட்டுதான், ஆனால் இறந்தகாலம் தடுமாறுகிறவர்களிடம் கொடுத்தால் போலீஸே முழிப்பார்கள். அதற்கு முன்னால் ஆ-வை மட்டும் தனியாக எடுங்கள். நான் ஒரு புளுகு விடுவேன்: "நேற்று என் அண்ணன் ஒட்டகச்சிவிங்கி மேல் ஏறி அலுவலகம் போனார்." ஆளுக்கு ஒரு சொல்லைச் சந்தேகப்படவேண்டும். நேற்றா போனார்? உங்கள் அண்ணனா? ஒட்டகச்சிவிங்கி மேலா? அலுவலகத்துக்கா? ஆ எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அதைத்தான் கேட்கிறோம் என்று விளக்கவே வேண்டாம், சிரிப்பிலேயே பிடிபட்டுவிடும். பிறகு புளுகுவது அவர்கள் முறை. அடுத்த சுற்றில் ஆ கூடாது, எ-வில் தொடங்கும் சொல்தான் என்று சொல்லிவிடுங்கள். இரண்டையும் பிரித்து வைத்தால் உங்கள் "எங்கே போனாயா" பாதி குறையும்.

கரும்பலகை:
புளுகு பிரமாதம்! விசாரணையையும் செய்துபார்த்தேன். ஒருவர் மட்டும் எதைக் கேட்டாலும் "மறந்துவிட்டது" என்றே தப்பித்தார். நடுவில் ஒரு தவறைத் திருத்தினேன், அதோடு போலீஸ் மௌனம்.

திண்ணை:
மறந்துவிட்டது ஒரு தடவைக்கு மேல் சொன்னால் குற்றவாளி என்று முதலிலேயே விதி போட்டுவிடுங்கள். நடுவில் திருத்தவே கூடாது சார், காதில் விழுந்ததைக் குறித்துவைத்து முடிந்தபிறகு யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், அவர்களே திருத்துவார்கள்.