எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) டேங்க் அடித்தளம்: தரையில் ஸ்லாபா, பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) மேல் தூக்கிய ஸ்லாபா?

மணல்திட்டு:
கிழக்குக் கடற்கரையில் ஒரு ஃபுல் கன்டெயின்மென்ட் டேங்க் (உள் டேங்க் கசிந்தாலும் வெளி டேங்க் பிடித்துக்கொள்ளும் வகை). எண்ணூரில் இருப்பது போலவே 1,80,000 கன மீட்டர். உள் டேங்க் விட்டம் 80 மீ, திரவ உயரம் 36 மீ. மேலே 12 மீ தளர்ந்த மணல் (மண்ணின் கெட்டியைக் காட்டும் எஸ்பிடி எண் 8 முதல் 14), அடுத்து 6 மீ மென்களிமண், அதன்கீழ் கெட்டி மணல். மண் சோதனைத் துளை (போர்ஹோல்) 45 மீ வரை. தரையிலேயே ஸ்லாப் போட்டு, அடிமண் உறையாமலிருக்க ஹீட்டர் வைக்கலாமா? ஆயுள் முழுக்கக் கரண்ட் செலவு என்று கிளையன்ட் தயங்குகிறார். பைல் என்றால் எந்த லோடுக்குக் கணக்கிடுவது?

பைல்கேப்:
லோடிலிருந்து தொடங்குங்கள். எல்என்ஜி அடர்த்தி கன மீட்டருக்கு 480 கிலோ என்று வைத்தால் 36 மீட்டருக்கு ச.மீ.க்கு 17.3 டன். ஆனால் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் ஹைட்ரோடெஸ்டில் இதைப்போல் 1.25 மடங்கு வர வேண்டும், அதாவது 21.6 மீ தண்ணீர், 21.6 டன். செங்குத்துச் சுமையில் அடித்தளம் பார்க்கப்போகும் உச்சம் பெரும்பாலும் அந்தச் சில நாட்கள்தான். 4 மீ கட்டத்தில் பைல் போட்டால் தண்ணீர் மட்டும் ஒரு பைலுக்கு 345 டன். 1 மீ ஸ்லாப் இன்னொரு 40. விளிம்பு வரிசையைத் தனியாகப் பாருங்கள். 40 மீ உயர, 80 செ.மீ. சுவரே ஓடும் மீட்டருக்கு 80 டன், கூரை அதன்மேல்.

தூக்கிய ஸ்லாபுக்கு அடியில் 1.5 மீ திறந்த இடைவெளி விட்டால் ஹீட்டர் வேண்டாம். ஆனால் அந்த இடத்தைக் கேபிள் ட்ரேயும் பழைய சாரக்கட்டும் வைத்து அடைத்துவிடுவார்கள், அதை முதலிலேயே தடுக்க வேண்டும். கசியும் குளிர் வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும்; கேஸ் டிடெக்டர் கட்டாயம்.

உறைநிலை:
ஹீட்டர் செலவைச் சொல்கிறீர்கள், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கிளையன்ட்டுக்குக் காட்டுங்கள். உள்ளே மைனஸ் 162 டிகிரி. அடியில் போடும் ஃபோம்கிளாஸ் (நுரைக்கண்ணாடிக் காப்பு) வேகத்தைக் குறைக்கும், குளிரை நிறுத்தாது. மண்ணில் உள்ள நீர் உறைந்து 9 சதவீதம் பெருப்பது சிறிய சங்கதி. உறையும் முனை கீழிருந்து மேலும் மேலும் நீரை உறிஞ்சி பனிப்படலம் படலமாக வளர்வதுதான் ஸ்லாபையே தூக்கும். வண்டல் கலந்த மண்ணில் இது மோசம். சுத்தமான பருமணலில் குறைவு.

ஹீட்டர் போட்டால் கேபிளைக் கான்க்ரீட்டில் நேரடியாகப் புதைக்காதீர்கள். கான்ட்யூட் குழாய்க்குள் இருந்தால்தான் பழுதானதை உருவி மாற்றலாம். சர்க்யூட் இரண்டு, ஒன்று போனாலும் மற்றது முழு வேலையையும் தாங்க வேண்டும். விளிம்பும் நடுவும் தனித்தனி ஸோன். கன்ட்ரோல் சராசரியில் அல்ல, மிகக் குளிர்ந்த சென்சாரில். ஸ்லாபுக்கு அடியில் எங்கும் 0 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. கட்டுமான மழையில் நனைந்த ஃபோம்கிளாஸை அப்படியே மூடிவிட்டால் ஹீட்டர் எவ்வளவு போட்டாலும் போதாது.

மணல்திட்டு:
நன்றி. அப்படியானால் பைல் பக்கம் சாய்கிறேன். நிலநடுக்கத்தில் மணல் திரவமாகிவிடும் அபாயம்?

பைல்கேப்:
எஸ்பிடி 8-ல் நிச்சயம் பாருங்கள். 2475 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் நிலநடுக்கத்தில் 12 மீட்டருக்கும் பக்கவாட்டுப் பிடி போனால் பைல் தலையிலும் களிமண்ணின் அடிவிளிம்பிலும் வளைவுத் திருப்பம் (பெண்டிங் மொமென்ட்) எகிறும். முதலில் மணலை அதிரவைத்து இறுக்கும் வைப்ரோ காம்பாக்‌ஷன். நுண்துகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் அது வேலைக்காகாது, மண்ணுக்குள் ஜல்லித் தூண்கள் (ஸ்டோன் காலம்) போட வேண்டும். கிரீஸின் ரெவிதூசா எல்என்ஜி டேங்குகள் ஃப்ரிக்‌ஷன் பெண்டுலம் ஐசொலேட்டர் (நில அசைவு மேலே ஏறாமல் வழுக்கிக் கொடுக்கும் தாங்கி) மேல் நிற்கின்றன. உங்கள் இடத்துக்கு அந்தச் செலவு தேவையா என்பது தளத்தின் நிலநடுக்க ஸ்பெக்ட்ரம் வந்த பிறகு தெரியும்.

ஆழத்துளை:
இருவரும் விட்ட ஒன்று: 45 மீ போர்ஹோல் போதாது. தனி பைல் டெஸ்டில் 8 மி.மீ. இறங்கினால் மகிழ வேண்டாம். 80 மீ அகலக் குழுவின் அழுத்தம் டேங்க் விட்டத்துக்குச் சமமான ஆழம் வரை போகும். கெட்டி மணலுக்குக் கீழே இன்னொரு களிமண் அடுக்கு இருந்தால் டேங்க் நடுவில் குழியும். விளிம்பிலிருந்து நடு வரை இறக்க வித்தியாசம் 300-ல் 1, சாய்வு 500-ல் 1 என்பது வழக்கமான வரம்பு. அதாவது 40 மீ ஆரத்துக்கு 133 மி.மீ. நடுவில் ஒன்றையாவது 90 மீ வரை இறக்குங்கள். ஸ்லாபுக்குக் குறுக்கே சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் குழாயும் இப்போதே டிராயிங்கில் சேருங்கள். சுற்றளவில் மட்டும் லெவல் எடுத்தால் நடுக்குழிவு கண்ணில் படாது, கான்க்ரீட் போட்ட பின் குழாய் நுழைக்கவும் முடியாது.