.308 தோட்டாக் கூடு ரீசைஸ் செய்த பிறகும் போல்ட் இறுக்குகிறது: யோசனை தேவை

அமெரிக்காவில் வீட்டிலேயே ரீலோடிங் (சுட்ட கூடுகளில் மறுபடி தோட்டா தயாரிப்பது) செய்பவர்கள் உதவுங்கள். .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், அதே துப்பாக்கியில் நாலு முறை சுட்ட பித்தளைக் கூடுகள். ஃபுல் லெங்த் டையில் (கூட்டை முழு நீளத்துக்கும் பழைய அளவுக்கு நசுக்கும் அச்சு) போட்டு எடுத்தும், காலிக் கூட்டோடு போல்ட் (துப்பாக்கி அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) மூடும்போது கடைசியில் இறுக்குகிறது.

டிரிம் நீளம் 2.005 அங்குலம், உச்சவரம்பு 2.015. அதனால் நீளம் காரணமில்லை. தோள்பட்டை (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) 0.002 அங்குலம் பின்னே போக வேண்டும். கம்பேரேட்டரில் (தோள் இருக்கும் இடத்தை அளக்கும் கருவி) சில கூடுகளில் 0.001 முன்னே வந்திருக்கிறது. கூடு உள்ளே இருக்கும்போது ஷெல் ஹோல்டருக்கும் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பகுதி) டைக்கும் நடுவே மெல்லிய வெளிச்சம் தெரிகிறது. டை முழுதாக இறங்காமல் உடலை மட்டும் நசுக்கி, தோளை முன்னே தள்ளுகிறது என்றே படுகிறது.

டையை எவ்வளவு இறக்கலாம்? டையைத் திருகினால் ஒரு சுற்று 0.071 அங்குலம், கால் சுற்றே மிக அதிகம். தோளை அளவுக்கு மீறித் தள்ளினால் அடிக்கு மேலே பளபள வளையம் விழுந்து கூடு அறுந்துவிடும். முதலில் அனீலிங் (கூட்டின் கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவது) செய்து பார்ப்பதா, லூப் (டையில் போடும்முன் கூட்டில் பூசும் மசகு) மாற்றுவதா?